ஆவரங்குடிக் கோடி

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மறுபடியும் வேர்த்திருந்தது. சத்யப்பிரியா ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை துண்டால் துடைத்தாள். உள்ளே அம்மாவின் முகம் தெளிந்தது. தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி கொஞ்சம் கோணலாக இருந்தது. திறந்து சரிசெய்யலாமா என்று யோசித்தாள். திறந்தால் குளிர் போய்விடும். அப்படியே விட்டாள்.

மணி பதினொன்று பத்து.

"ஆவரங்குடிக்காரங்க கெளம்பிட்டாங்களா?" அண்ணன் காளீஸ்வரன் வாசலில் இருந்து கேட்டான்.

"சொல்லியாச்சுண்ணே."

"அதக் காலையிலயே சொல்லிட்ட. கெளம்பிட்டாங்களான்னு கேக்குறேன்."

"கேட்டுச் சொல்றேன்."

"நாலு மணிக்குத் தூக்கணும். கோடி வராம தூக்குனா நாளைக்கு நம்ம மூஞ்சில எவன் முழிப்பான்?"

அவன் பந்தலுக்குப் போனான். அவன் பின்னால் வலது கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அதன் அடியில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கைப்பிடி தடுத்தது.

சத்யப்பிரியா கொல்லைப்புறம் போய் அலைபேசியை எடுத்தாள். காலை ஆறு பத்துக்கு, மாமா மகனின் எண்ணுக்கு அம்மாவின் அஞ்சலிப் படத்தை அனுப்பியிருந்தாள். பக்கத்தில் ஒற்றை டிக். ஐந்து மணி நேரமாக அதே ஒற்றை டிக்.

அவள் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவள். எதையும் வரிசைப்படுத்தாமல் அவளுக்குக் கை ஓடாது. அம்மா போன அரை மணி நேரத்தில், அழுதபடியே, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நாற்பத்திரண்டு பெயர்களை எழுதிவிட்டாள். ஐந்தாவது பெயர் நாகநாதன் மாமா. எதிரே 'நேரில்' என்று எழுதினாள். ஆவரங்குடிக்கு, அம்மாவின் பிறந்த வீட்டுக்கு, ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கோடியாகக் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்திய பிறகுதான் ஒரு பெண்ணை வீட்டிலிருந்து தூக்குவார்கள். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் 'நேரில்' என்பதை அடித்துவிட்டுப் படத்தை அனுப்பினாள். அனுப்பியதும் சொன்னதும் ஒன்றுதானே என்று அப்போது தோன்றியது.

அப்படித்தான் தோன்றியதா? இப்போது யோசித்தால் நிச்சயமில்லை. ஆள் போய்ச் சொல்லி, மாமா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தாள். பயந்ததுதான் உண்மை.

உள்ளே பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி ஓய்ந்த இடைவெளி.

"கையெழுத்து தலைவரோடது, கை இவளோடதுன்னு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் பேச்சு."

"ஜீப்புல முன் சீட்டு. கூலிங் கிளாஸு. தலைவரு பின்னால உக்காந்து வருவாரு."

"புருஷன் போயி எட்டு வருசம். ஒரு நாளு வெள்ள கட்டிருப்பாளா?"

"ஏன், ஒனக்கு ஒரு கலர்ச் சேல எடுத்துக் குடுக்காமப் போயிட்டாளேன்னு வருத்தமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள். "ஒன் வீட்டுக்கு ரேஷன் கார்டு யாரு வாங்கிக் குடுத்தா? செத்தவ எந்திரிக்க மாட்டான்னு பேசுற."

யாரோ சிரித்தார்கள். பிறகு அடங்கினார்கள்.

அய்யா, அவள் அப்பா, பத்து வருடம் ஊராட்சித் தலைவர். அம்மா தலைவரம்மா. சேதுலட்சுமி என்ற பெயர் அஞ்சலிப் படத்தில் வந்தபோது பலருக்கு அது யாரென்று தெரியவில்லை. அவளைப் பற்றி ஊர் சொன்னதில் பாதி பொய் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

ஆவரங்குடி விஷயம் மட்டும் அவளே பார்த்தது. பதினேழு வருடத்துக்கு முந்திய மார்கழி; அவளுக்கு ஒன்பது வயது. பெரிய கண்மாயில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். கடைசி மடைக்குத் தண்ணீர் கேட்டு ஆவரங்குடி ஆண்கள் நாற்பது பேர் சாயங்காலம் முற்றத்தில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றது அம்மாவின் தம்பி நாகநாதன். மடையின் ஷட்டரைத் திருகும் கைப்பிடி அப்போது தலைவர் வீட்டில்தான் இருக்கும். அம்மா அதை வாசற்படிக்கு உள்ளே கிடத்தி, மேலே பாயை விரித்து அதில் உட்கார்ந்துகொண்டாள். தலைவர் தூங்குகிறார் என்றாள். அய்யா உள்ளறையில் விழித்தபடி படுத்திருந்தார். இருட்டும்வரை நின்றுவிட்டு அவர்கள் போனார்கள். ஆவரங்குடி வயல் முழுக்கக் கருகியது. மேல்மடையில் இருந்த தலைவரின் வயல் விளைந்தது. சேதுலட்சுமி வீட்டு வாசலை இனி யாரும் மிதிப்பதில்லை என்று ஆவரங்குடி ஊர்கூடி முடிவெடுத்தது.

பிறகு புது ஷட்டர் வந்தது. பழைய கைப்பிடியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது.

ஸ்கூட்டி சாவியை எடுத்தபோது பஞ்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"பெத்தவளப் போட்டுட்டு எங்கனடி போற?"

"ஆவரங்குடிக்கு."

பஞ்சம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "சொல்லவே இல்லையா?"

சத்யப்பிரியா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அடிப் பாவி." குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கண்ணன் கேட்டா நான் பாத்துக்கிறேன். மொதல்ல கால்ல செருப்பப் போடு."

கண்மாய்க் கரை வழியாகப் பதினான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அடுக்கிப் பார்த்தாள். 'அம்மா இறந்துட்டாங்க மாமா.' அதிகாரிக்குச் சொல்வது போல இருந்தது. 'அம்மா போயிட்டாங்க.' எங்கே என்று கேட்டால்? ஆவரங்குடி எல்லையில் நெல்வயல்களைக் காணவில்லை. எல்லாம் மிளகாய்ச் செடி. காற்றே காரமாக இருந்தது.

மாமா களத்தில் மிளகாய்ப் பழத்தைக் காலால் கிளறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாத்தா," என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், தண்ணி கொண்டா. புள்ள வேகாத வெயில்ல வந்திருக்கு."

அத்தை செம்பில் கொண்டுவந்தாள். இழவு சொல்லப் போனவர்கள் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். சத்யப்பிரியாவுக்கு அது நினைவுக்கு வந்தபோது செம்பு காலியாகியிருந்தது.

"அம்மா..." என்றாள். அடுக்கி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "காலையில, அஞ்சு மணிக்கு."

மாமா காலை எடுக்காமல் நின்றார். அத்தை செம்பை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இப்ப மணி பன்னெண்டாச்சு," என்றார் மாமா.

"நாந்தான் மாமா. அண்ணன் மேல தப்பில்ல. பரமு மச்சான் நம்பருக்கு அனுப்பினேன்."

"அவன் மலேசியா போயி ரெண்டு வருசம் ஆச்சு. அந்த நம்பரே இல்ல." அவர் குனிந்து கையால் மிளகாயைத் தள்ள ஆரம்பித்தார். "எல்லாருக்கும் ஆள் போச்சா?"

"முக்கியமானவங்களுக்குப் போச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கை நிற்கவில்லை.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டு, இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா... அதான் மாமா."

"இப்ப மட்டும் கோடி கொண்டு போகச் சொல்றியா?" என்றாள் அத்தை. "ஊர்க் கட்டு இன்னும் இருக்குடி. இவரு போனா நாளைக்கு எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு ஆளு வரமாட்டான்."

மாமா நிமிர்ந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"தண்ணி ஒரு மடைக்குத்தான் கெடந்துச்சு. ரெண்டுக்கும் விட்டா ரெண்டும் காஞ்சிருக்கும். அது எனக்கும் தெரியும்த்தா. ஊருக்குத்தான் தெரியாது. நாப்பது பேருக்கு முன்னால நின்னேன். கூடப் பொறந்தவன். உள்ள வாடான்னு ஒரு வார்த்த சொல்லல. தண்ணி குடிக்கிறியான்னு கேக்கல. பாய்ல உக்காந்துக்கிட்டு எம் மூஞ்சியப் பாக்காமலே இருந்தா."

"நாலு மணிக்கு எடுக்குறாங்க மாமா."

"நீ கெளம்பு," என்றார்.

வருவேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்தி, அவர் பேசியதை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை ஓங்கினான். பந்தலில் ஆட்கள் இருந்ததால் அந்தக் கையால் தலையைத் தடவிக்கொண்டான்.

"எதையும் எழுதி வச்சுச் செய்யிறவன்னு ஒன்ன நம்பினேன் பாரு."

மூன்றரைக்கு அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். பாடை கட்டியாயிற்று. காளீஸ்வரன் யாரையோ கடைக்கு அனுப்பி ஒரு வெள்ளைச் சேலை வாங்கிவரச் சொன்னான். அது வந்து, பிரிக்காமல் நாற்காலியில் கிடந்தது. பெரியவர்கள் இரண்டு முறை மணி கேட்டார்கள். சத்யப்பிரியா ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தாள், கண்ணை எடுத்தாள், மறுபடியும் பார்த்தாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு மொபெட் பந்தலுக்கு வெளியே நின்றது. மாமா இறங்கினார். தனியாகத்தான் வந்திருந்தார். களத்தில் போட்டிருந்த அதே சட்டை. கையிடுக்கில் ஒரு துணிக்கடைப் பை.

மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கோடி கொண்டு வருபவர்களை எதிர்கொண்டு கட்டிப்பிடித்து அழுது உள்ளே அழைத்துவர வேண்டிய பெண்கள் யாரும் எழவில்லை. யார் முதலில் எழுவது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமா முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். வாசற்படியைப் பார்த்தார். அதற்கு மேல் வரவில்லை.

சத்யப்பிரியா வாசலுக்குப் போனாள்.

"வாங்க மாமா. உள்ள வாங்க."

"அடியே!" பஞ்சம்மாள் வாயில் கை வைத்தாள். "எழவு வீட்ல வாங்கன்னு சொல்லுவாளா ஒருத்தி?"

பெண்கள் முணுமுணுத்தார்கள். சத்யப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வழியை விட்டு நகரவில்லை. மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்ததை நேராக்கினார். படியேறி உள்ளே வந்தார்.

"ஊரு வரலையா?" என்றான் காளீஸ்வரன்.

"நான் வந்திருக்கேன்."

பையிலிருந்து சேலையை எடுத்தார். மாம்பழ நிறம், சிவப்புக் கரை. கூட்டத்தில் ஒரு கிழவி, "வெள்ள எடுத்திருக்கலாம்," என்றாள்.

"கடையில அவளுக்குன்னுதான் கேட்டேன். கை இதுக்குத்தான் போச்சு."

சேலையைப் பிரித்து அம்மாவின் மேல் போர்த்தினார். தலைமாட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கு மிளகாய் நெடியில் இருமல் வந்தது. தாடைக் கட்டு கோணலாக இருந்ததைப் பார்த்து, அதைச் சரிசெய்தார்.

தூக்கினார்கள். நான்கு பேர் தோளில் வைத்து வாசலை நெருங்கும்போது யார் காலோ பட்டு இரும்புக் கைப்பிடி சரிந்தது. வலது கதவு மெல்லச் சாத்தத் தொடங்கியது. முன்னால் வந்தவர்கள் தயங்கி நின்றார்கள்.

மாமா குனிந்து கைப்பிடியை எடுத்தார். அது என்னவென்று தெரிந்ததும் அவர் கை அப்படியே நின்றது. காளீஸ்வரன் ஓர் அடி முன்னால் வந்தான். மாமா அவனைப் பார்க்கவில்லை. கதவை முழுக்கத் திறந்து, கைப்பிடியை அடியில் சாய்த்து, மறுபடியும் நழுவாதபடி வெறுங்காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

கடைசி ஆளும் படி இறங்கும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

வீடு காலியான பிறகு சத்யப்பிரியா தண்ணீர் விட்டுக் கழுவ வாசலுக்கு வந்தாள். துருப்பிடித்த இரும்பில் மாமாவின் நான்கு விரல்கள் மிளகாய்ச் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதன் மேல் தண்ணீர் படாமல், சுற்றிலும் மட்டும் ஊற்றினாள்.