சிவப்பாகத் தெரிந்த படம்

கவ்ஷியுங் நகர ஆஸ்பத்திரியில் என்னை மடித்துப் போட்டிருக்கிறார்கள். புற்றுநோய் கொண்டுபோன இடது மார்பின் இடத்தில், என் வயிற்றிலிருந்து வெட்டிய சதையைத் தைத்திருக்கிறார்கள். வயிற்றுத் தையல் இழுபடாமலிருக்க முட்டியை உயர்த்தியே கிடக்க வேண்டும். புரளக் கூடாது. இருமக்கூடப் பயம்.

தைத்த சதைக்கு உணர்ச்சி கிடையாது. அது பிழைத்திருக்கிறதா என்று என் உடம்புக்கே தெரியாது, கட்டிலுக்கு மேல் தொங்கும் கேமராவுக்குத்தான் தெரியும். மணிக்கொரு முறை நர்ஸ் வான்-டிங் வந்து போர்வையை விலக்கிப் படமெடுப்பாள். ரத்தம் ஓடி வெதுவெதுப்பாக இருந்தால் திரையில் சிவப்பு, சில்லிட்டால் நீலம்.

இன்று காலை ஓரத்தில் நீலம் தட்டியது.

"இன்னும் பரவுச்சுன்னா டாக்டர் திறந்து பாக்கணும்பாரு, சூ-யுன் அக்கா," என்றாள் வான்-டிங்.

துணைக்கு இருக்கும் என் மூத்த நாத்தனார் பாவ்-ஜூ மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது. நர்ஸ் தலை மறைந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் குலுக்கினாள். குலுக்கினால் சூடேறும், குளிர்காலத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சூட்டுப் பொட்டலம். அதைத் துணியில் சுற்றி என் மார்பின் மேல் வைத்துப் போர்த்திவிட்டாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"சும்மா கெட. சூடு பட்டா ரத்தம் தானா ஓடும். நீ புள்ள பெத்தப்போ ஒரு மாசம் உன்னத் தலைக்குக் குளிக்க விட்டேனா? ஒரு சளி பிடிச்சுதா உனக்கு?"

செருப்புச் சத்தம் கேட்டதும் பொட்டலம் அவள் சட்டைக்குள் போய்விட்டது. போர்வையை விலக்கிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் படமெடுக்க வேண்டும். பக்கத்து அறையில் யாரோ வாந்தியெடுக்க, வான்-டிங் அவசரமாக எடுத்தாள். திரை முழுக்க நல்ல சிவப்பு.

"தேறிடுச்சு. இப்படியே இருந்தா நாளைக்கு இஞ்சி போட்ட கொடுவா மீன் சூப் குடிக்கலாம்."

பாவ்-ஜூ என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? மறுபடி அந்த மயக்க மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் திரும்பவும் பொட்டலத்தை வைத்தபோது வலது கையைப் போர்வைக்குள் விட்டுப் பார்த்தேன். விரலைச் சுட்டது. மார்புக்கு ஒன்றும் தெரியவில்லை. போர்வையைத் தூக்கினால் தையலோரம் நாவல்பழ நிறத்தில் கறுத்துக் கிடந்தது. சொன்னால் கத்தி, சொல்லாவிட்டால் அழுகல். எழுந்து ஓடலாமென்றால் முட்டியை நீட்டவே அனுமதியில்லை. இவ்வளவும் அன்பினால் நடக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த படமும் சிவப்பு. இந்த முறையும் அவசரத்தில் திரையை மட்டும் பார்த்த வான்-டிங் அதை டாக்டருக்கு அனுப்பப் போனாள்.

"அனுப்பாதே," என்றேன். "திறந்தே வச்சிரு. கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு எடு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"அண்ணி சூடு வச்சிருந்தாங்க."

"மருந்து மயக்கத்துல உளர்றா," என்றாள் பாவ்-ஜூ. வான்-டிங் போர்வையை மூடாமல் அடுத்தடுத்துப் படமெடுத்தாள். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு வடிந்து மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. நடுவரை நீலம் வந்தபோது வான்-டிங் போனை எடுத்தாள். அவள் யாரையும் திட்டவில்லை.

கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்தார்கள். பாவ்-ஜூ பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவையும் இப்படித்தான் ரெண்டாவது தடவை உள்ள கொண்டுபோனாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். இவளுக்குப் போட மாட்டேன்."

"நீங்க போட வேண்டாம் அண்ணி. நானே போடறேன். விடுங்க."

அவள் விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் கம்பியிலிருந்து பிரித்தேன்.