மணிக்கு நாலு லிட்டர்

எங்கள் சைபீரிய யாகூத்தியப் பனிச்சாலையில் உயிரின் விலை மணிக்கு நாலு லிட்டர் டீசல். நிறுத்திய லாரியின் எஞ்சினை அணைக்காமல் ஓடவிட அவ்வளவு ஆகும். நானோ சந்தையில் உறைமீன் விற்றவர்களின் மகள். யார் என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்டே பழகிய வாய்.

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்த புரோகோபி என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஆற்றுப் பனிமேல் பெல்ட் போடாமல், பனி உடைந்தால் எந்நேரமும் குதிக்கத் தயாராக ஓட்டப் பழக்கினான். பயிற்சியின் கடைசி நாளில் ஒன்று சொன்னான்.

"அக்குலினாக்கா, வசந்தம் வர்ற வரைக்கும் எஞ்சினை மட்டும் அணைச்சிராதீங்க."

"தூங்குறப்பவுமா?"

"தூங்குறப்பதான்!"

தனியாகப் போன முதல் நடை. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி. இரண்டு நாளாக மனிதக் குரலே காதில் விழவில்லை. மதியம் சாப்பிட நிறுத்தினேன். எஞ்சின் மட்டும் என் காசைத் தின்றபடி முனகிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம்தானே என்று அணைத்தேன், அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது இமைகள் ஒட்டியிருந்தன. டீசல் கூழாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. விரல்கள் மரத்துப்போய், இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது எதிரே ஒரு லாரி வந்து நின்றது. நிற்கிற லாரியை எங்கள் சாலையில் யாரும் கடந்து போவதில்லை.

இறங்கியவர் நரைத்த மீசைக்காரர். தீ பீய்ச்சும் விளக்கை என் எஞ்சினுக்கு அடியில் வைத்தார்.

"நீயா அணைச்சே?"

"ஆமாண்ணே."

"எவ்வளவு மிச்சம் பிடிக்கப் பாத்தே?"

"ஒரு லிட்டர் இருக்கும்."

"பெரிய வியாபாரிதான் போ! ஏறு என் வண்டியில, சூப் ஆறுது."

குதிரைக்கறி சூப். எஞ்சின் இளகும்வரை தன் மருமகனைத் திட்டிக்கொண்டே இருந்தார். கேட்கச் சுகமாக இருந்தது. பிறகு தன் பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். என் வண்டி உறுமியது. ரூபிள் நோட்டுகளை நீட்டினேன்.

"உள்ள வை தங்கச்சி. அடுத்து எவன் நின்னுகிடக்கானோ அவனுக்குக் குடு இந்தச் சூட்டை."

பேர் கேட்பதற்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து, நிற்கிற லாரியைத் தேடியபடிதான் ஓட்டுகிறேன். ஃபிளாஸ்க்கில் எப்போதும் இரண்டு பேருக்குத் தேநீர். ஒருவர் வண்டியும் நின்றுபோவதில்லை, எஞ்சினை அணைக்கக் கூடாதென்று எல்லாரும் ஒழுங்காகக் கற்றவர்கள். எதிரே வருகிறவர்கள் விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆற்றுப் பனியும் இளகத் தொடங்கிவிட்டது, சாலையை மூடப்போகிறார்கள்.

வரவு: ஒரு மதியத்துச் சூடு, ஒரு கிண்ணம் சூப், ஒரு மருமகனைப் பற்றிய முழு வசவு.
செலவு: இல்லை.
பாக்கி: அத்தனையும்.