அனுமதியில் இல்லாத நான்கு முட்டைகள்

அந்த மலை ஆமைகள் காட்டில் அநேகமாக அற்றுப்போய்விட்டன. அவள் வேலை பார்த்த காப்பகத்தில் ஓர் ஆண் இருந்தது. ஆறு மணி நேரத் தொலைவிலிருந்த இன்னொரு காப்பகத்தில் மூன்று பெண் ஆமைகள். அதில் ஒன்றை அனுப்பி ஜோடி சேர்ப்பது என்று இரண்டு நிர்வாகங்களும் பேசி முடிக்கவே ஒன்றரை வருடம் ஆனது. "நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தனை கையெழுத்து போடலையே," என்று வீட்டுக்காரரிடம் அலுத்துக்கொண்டாள், எல்லாரும் 'ஆமை அக்கா' என்று கூப்பிடும் அவள்.

ஒருவழியாகப் பெண்ணை அழைத்துக்கொண்டு வேனில் புறப்பட்டாள். பாதி வழியில் எல்லைச் சோதனைச் சாவடி. அலுவலர் பெட்டியைத் திறந்தார். ஈர மணலில் ஆமை. அதன் வாலுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நான்கு முட்டைகள்.

"பேப்பர்ல ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு?"

"ஒண்ணுதான் சார். வழியில முட்டை போட்டிருக்கு."

"அப்போ அஞ்சு. புது அனுமதி வாங்கிட்டு வாங்க. மூணு நாள் ஆகும்."

ஆமையை அனுப்பிய காப்பகத்து டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு வருஷமா தனியா இருக்குன்னு சொன்னீங்களே டாக்டர்!"

"தனியாத்தான்மா இருந்துச்சு. ஆணோட வித்தை உள்ளேயே சேர்த்து வச்சுக்கிட்டு, பிரிஞ்சு ரெண்டு மூணு வருஷம் கழிச்சும் சிலது முட்டை போடும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அதற்குள் இரண்டு இயக்குநர்களும் இணைப்பில் வந்துவிட்டார்கள். எங்கள் ஆமை, எங்கள் முட்டை என்றார் ஒருவர். உங்கள் வாசலைத் தாண்டிய பிறகு போட்டதில் பாதி எங்களுக்கு என்றார் மற்றவர். பங்கு பிரிக்கிறேன் என்று ஆமை முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் விட்டபாடில்லை.

"சார், போதும்!" என்று கத்தினாள். "பங்கு பிரிக்கறதை அப்புறம் வச்சுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள இது சூட்டுப் பெட்டிக்குப் போகலேன்னா, பிரிக்க ஒண்ணுமே இருக்காது. எல்லையைத் தாண்டத்தானே அனுமதி வேணும்? டாக்டர் வந்து முட்டையை அங்கேயே எடுத்துட்டுப் போகட்டும்."

டாக்டர் உடனே, "கிளம்பிட்டேன்," என்றார்.

அலுவலரின் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் ஒரு புள்ளி வைத்தாள், மேல்பக்கம் எதுவென்று மாறிவிடாமல் இருக்க. சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, மணல் நிரப்பி, அவற்றைப் பதித்தாள். லாரிகள் போகும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. டப்பாவை மடியில் ஏந்திக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது. அலுவலர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் லாரிகளைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். டாக்டர் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டதும், ஆமையோடு எல்லையைத் தாண்டினாள்.

நான்கு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். இரண்டு பொரிந்திருந்தன. ஆளுக்கொன்று என்று ஒப்பந்தமானது. போனை வைத்ததும் கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள்.

குட்டியைக் கொண்டுவர விண்ணப்பம் போட்டாள். பாலினம் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது.

"வளர்ந்தாத்தான் சார் தெரியும். அஞ்சாறு வருஷம் ஆகும்," என்றாள், அனுமதி அலுவலகத்துக்குப் போன் போட்டு.

"அந்தக் கட்டத்தைக் காலியா விடக் கூடாதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு படிவத்தை எடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார்," என்றாள். "ஆணா, பெண்ணா?"