நூற்றெண்பது கிரெயின் சன்னம்

மிஸ்டர் பெல்லமிக்கு ஆபிரிக்காவுக்கு எந்தத் துவக்குச் சன்னத்தைக் கொண்டுபோவது என்று முடிவெடுக்கத் தெரியவில்லை. அம்பலவாணனுக்கு மிஸ்டர் பெல்லமியிடம் இரண்டாம் தரம் கேட்கத் தெரியவில்லை. தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மே மாதம் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

பெல்லமி தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய சர்ஜன். இந்த நாட்டில் சர்ஜனை டாக்டர் என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். மிஸ்டர் என்றால்தான் மரியாதை. ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதருக்கு மான் சுடும் ஆசை பிடித்துவிட்டது. நமீபியாவில் ஒரு பண்ணையில் மூன்று கிழமைக்கு எல்லாம் ஒழுங்காகியிருந்தது. துவக்கும் வாங்கியாயிற்று. குடு என்று ஒரு மான் இருக்கிறதாம், மாட்டளவு உயரம், முறுக்கின கொம்பு. அதைச் சுட நூற்றைம்பது கிரெயின் நிறையுள்ள சன்னமா, நூற்றெண்பதா என்பதுதான் பிரச்சினை. கடைக்காரன் ஒன்று சொன்னான், கிளப் நண்பர் வேறொன்று சொன்னார், புத்தகம் மூன்றாவதாக ஒன்று சொன்னது.

அம்பலவாணன் அங்கே போர்ட்டர். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் ஆபரேஷன் தியேட்டருக்குள் உதவிக்கு நின்றவன், இங்கே தியேட்டர் வாசல்வரைக்கும் கட்டில் தள்ளினான். அவன் பெண்சாதி சிவகௌரியும் ஏழு வயது மகளும் எட்டு மாதமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் கிடந்தார்கள். விசா கேட்டு மறுத்தாயிற்று. அப்பீலுக்குப் போட்டிருந்தது. சட்டத்தரணி பத்மநாதன் சொன்னது ஒன்றுதான்: இவன் நிரந்தர வேலைக்காரன், நல்ல மனிதன் என்று பெரிய ஆள் ஒருவர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும், மே முப்பத்தோராம் தேதி திங்கட்கிழமைக்குள் வேண்டும். கடிதத்தை அவரே அடித்தும் கொடுத்தார். கையெழுத்துத்தான் பாக்கி.

மாதத் தொடக்கத்தில் அதைப் பெல்லமியிடம் கொடுத்தபோது, சந்தோஷமாகச் செய்கிறேன் என்று வாங்கி மேசையில் வைத்தார். அதன்மேல் ஒரு தோட்டா கற்றலாக் புத்தகம் ஏறி உட்கார்ந்தது.

திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் பெரிய மனிதரை இரண்டாம் தரம் கேட்டால், நீர் மறந்துவிட்டீர் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அப்படித்தான் அம்பலவாணன் வளர்ந்திருந்தான். ஆகவே டூட்டிங் தமிழ்க் கடையில் வடை வாங்கிக்கொண்டு போனான். பெல்லமி நான்கு வடை தின்று, நன்றாயிருக்கிறது என்றார். அடுத்த கிழமை இறைச்சி வைத்துப் பொரித்த பற்றிஸ் கொண்டுபோனான். அதையும் தின்றார். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

பயணத்துக்கு முதல்நாள், வியாழக்கிழமை மத்தியானம், பெல்லமி தன் அறைக்கு அவனைக் கூப்பிட்டார். கடிதம்தான் என்று ஓடினான். மேசையில் ஆபரேஷனுக்குப் பாவிக்கிற கிட்னி ட்ரே ஒன்று இருந்தது. அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து வெடிமருந்தில்லாத மூன்று வெறும் சன்னங்களை எடுத்து அதற்குள் போட்டார். டிங், டிங், டிங். அந்தச் சத்தம் அம்பலவாணனுக்குத் தெரியும். ஊரில் சர்ஜன் உடம்புக்குள்ளிருந்து எடுத்துப் போடும்போதும் இதே சத்தம்தான் கேட்கும்.

பெல்லமி விளக்கினார். ஒன்று நூற்றைம்பது, பாரம் குறைந்தது, பட்டவுடன் விரிந்துவிடும், பெரிய எலும்பில் பட்டால் உடைந்தும் போகும். மற்றது நூற்றெண்பது, மெல்ல விரிந்து ஆழத்துக்குப் போகும். மூன்றாவது விரியவே விரியாது, துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், பட்டாளத்துக்காரர் பாவிப்பது. நீ இதெல்லாம் நிறையப் பார்த்திருப்பாயே, நான் முப்பது வருடத்தில் எடுத்தது நாலோ ஐந்தோ, நீ சொல்லு என்றார். அவர் நேர்மையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதரென்றால் வெறுத்துவிட்டாவது போகலாம்.

இதை முடித்துக் கொடுத்தால் மனிதருடைய புத்தி கடிதத்துக்குத் திரும்பும் என்று அம்பலவாணன் நினைத்தான். ஆகவே சிவகௌரியிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை, தெரிந்த இங்கிலீஷில் அவன் சொன்னான்.

எண்பத்தேழில் சூடு பட்ட அவனுடைய தம்பி கனகலிங்கத்தைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முன்னுக்கு ஒரு சின்ன ஓட்டை, பின்னுக்கு ஒரு சின்ன ஓட்டை, சட்டையில் பெரிதாக இரத்தமும் இல்லை. தானாக இறங்கி நடந்து வந்தான். அண்ணை, பயப்படாதையுங்கோ, துளைச்சுக்கொண்டு போட்டுது என்றான். தேத்தண்ணி கேட்டான். அன்றைக்குச் சர்ஜன் இல்லை. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செத்துப்போனான். அதுவரைக்கும் அறிவோடு இருந்தான், நோகுது நோகுது என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பெல்லமி எழுந்து வந்தார். அவன் தோளில் கை வைத்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. பிறகு ட்ரேயிலிருந்து நடுச் சன்னத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“சரி, நூற்றெண்பதுதான். மிருகம் வீணாக நோகக் கூடாது, இல்லையா?”

மனிதருக்கு விரிகிற சன்னம் பாவிக்கக் கூடாதென்று பழைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதென்றும், இந்த நாட்டில் மானுக்கு விரிகிறதைத்தான் பாவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதென்றும் அவர் மேலும் சொன்னார். அம்பலவாணன் தலையாட்டினான். தம்பியைக் கொடுத்து வாங்கின அந்த நிமிடத்தில் அவன் வாயைத் திறந்து, சேர், கடிதம் என்றான்.

“போவதற்கு முன் கட்டாயம்,” என்றார் பெல்லமி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடிதத்தின் இன்னொரு பிரதியையும் பேனாவையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்பலவாணன் வாட்டிலிருந்து கட்டில் தள்ளிக்கொண்டு வந்தான். நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால், நீண்ட கொரிடோரின் மறுகோடியில் பெல்லமியின் முதுகு தெரிந்தது. கோட் போட்டிருந்தார், கையில் பயணப் பை. எல்லாருக்கும் கையசைத்துக்கொண்டு போனார்.

ஒரு குரல் போதும். சேர் என்றால் திரும்புவார், இரண்டு விநாடியில் கையெழுத்து வைப்பார். அம்பலவாணன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பயணம் வெளிக்கிட்ட மனிதரைப் பின்னால் நின்று கூப்பிடுவதா? அதுவும் துவக்கோடு, கடல் கடந்து, காட்டுக்கு. அங்கே ஏதும் நடந்தால் அந்தப் பழியை யார் சுமப்பது? லண்டனில் இதெல்லாம் பார்க்கிறார்களா என்று கேட்கலாம். கழுத்துக்குள் இருப்பது லண்டனில் வளர்ந்த தொண்டை இல்லையே.

முன்னால் போய் நின்றால் குற்றமில்லை என்று திடீரென்று தோன்றியது. பக்கத்துப் படிக்கட்டில் நான்கு மாடியும் இறங்கி ஓடினான். சமையலறைக்குள்ளால் போய், குப்பைத் தொட்டிகளைச் சுற்றி, மூச்சிரைக்க வாசலுக்கு வந்தான். பச்சைக் கார் கேற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெல்லமி கண்ணாடிக்குள்ளால் அவனைக் கண்டார். வழியனுப்ப ஓடிவந்திருக்கிறான் என்று மனம் நிறைந்து கையசைத்தார். அம்பலவாணனும் கையசைத்தான்.

மேசையில் கிடந்த கடிதத்தில் கையெழுத்து இல்லை. திங்கட்கிழமை அப்பீல் பேப்பர்கள் அது இல்லாமலே போயின. மூன்றாம் கிழமை வியாழக்கிழமை பதில் வந்தது: மறுப்பு. கடிதம் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று பத்மநாதனைக் கேட்டான். சொல்லத் தெரியாது என்றார் அவர். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

அடுத்த திங்கட்கிழமை பெல்லமி வெயிலில் கறுத்துப்போய் வந்தார். படம் காட்டினார். குடு கண் திறந்தபடி புல்லில் கிடந்தது, பக்கத்தில் அவர் முழங்காலில் நின்றார். ஒரே வெடி, நின்ற இடத்திலேயே விழுந்தது, நோவே தெரிந்திருக்காது, எல்லாம் உன்னால் என்றார். பிறகு கடிதத்தைக் கண்டு பதறி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு வரி புகழ்ச்சியும் கூட்டிக் கையெழுத்து வைத்தார். அம்பலவாணன் தாங்க் யூ சேர் என்றான். அப்பீல் முடிந்ததை அவன் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வாசல் போன் பூத்தில் கார்டைச் செருகி, கொழும்பு லொட்ஜுக்குப் போன் எடுத்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். சிவகௌரி அழவில்லை.

“நீங்கள் திரும்பக் கேக்கேல்லையோ?”

“கேக்கத்தான் நிண்டனான். ஆள் பயணம் வெளிக்கிட்டிட்டார். பின்னால நிண்டு கூப்பிடேலாதெல்லே.”



“ஓம், கூப்பிடக் கூடாதுதான். நீங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு நானும் வாசல் படலையடியில நிண்டனான். எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு வாய்வரைக்கும் வந்தது. கூப்பிடேல்லை.”

கார்டில் இன்னும் பதினொரு யூனிட் இருந்தது. இருவரும் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார்கள். அது ஒவ்வொன்றாகக் குறைந்து முடிந்தது.