பின்னால் நிற்கும் தொழில்

நான் யாருக்குப் பின்னால் போய் நின்றாலும் அவர் எழுந்துவிடுவார். சிறு வயதில் இதற்காக நிறைய அடி வாங்கியிருக்கிறேன். பெரியவனானதும் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே காரணத்துக்காக வேலை கொடுத்தார்கள்.

பந்தி நடக்கும்போது அடுத்த பந்திக்காரர்கள் சாப்பிடுகிறவர்களின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சாப்பிடுகிறவர் அதைக் கவனிக்காத மாதிரி இன்னொரு கரண்டி ரசம் கேட்பார். நிற்கிறவர் கூரையைப் பார்ப்பார். இரண்டு பேரும் படித்தவர்களாக இருந்தால் இது வெகுநேரம் நீடிக்கும். அந்த மாதிரி இடங்களுக்கு மேனேஜர் கோதண்டம் என்னை அனுப்புவார். மோர் ஊற்றிய பிறகு நான் போய் நிற்பேன். அவர் எழுந்துவிடுவார், அவ்வளவுதான். மோருக்கு முன்னால் நிற்பது அநாகரிகம் என்பதால் அதை நான் செய்ததில்லை.

பந்தி சீக்கிரம் நகர்கிறது என்று மண்டபத்துக்கு நல்ல பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கோதண்டம் எடுத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. கையில் தொழில் இருக்கிறது, தனியாக ஆலோசனை நிறுவனம் ஆரம்பிக்கலாமே என்று தோன்றியது. ராஜினாமாவைச் சொல்ல அவருக்கு முன்னால் போய் நின்றேன். முன்னால் நின்றால் எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது. அவர் உட்கார்ந்தபடியே சரி என்றார்.

இதை என் மனைவி வனரோஜாவிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவாள். அப்படி உட்கார்ந்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், "கன்சல்டன்ட்டுன்னா நீங்க நிக்கக்கூடாதுங்க. எப்படி நிக்கணும்னு சொல்லித்தான் குடுக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான், ஆனால் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. பொங்கலுக்கு வந்து ஆடி வரை நகராத மச்சானுக்குப் பின்னால் எப்படி நிற்பது என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் நான் சொன்னபடியே நின்றார். மச்சான் திரும்பிப் பார்த்து, ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவிடச் சொன்னார். பிறகு நானே போய் நின்றேன். மச்சான் பெட்டியோடு எழுந்தார், ஆனால் வீட்டுக்காரர் என்னைக் கூலி ஆள் மாதிரி பின்வாசல் வழியாக அனுப்பினார். அதன்பிறகு தோளில் ஒரு லேப்டாப் பை மாட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். பை வந்த நாளிலிருந்து என்னை எல்லோரும் முன்வாசலில் வைத்தே சார் என்று கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் தில்லைக்கரசி டீச்சர் வந்தார். ரிட்டையரான கையோடு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கியிருந்தார். பூமி பூஜை அன்று காலை அந்த மனையில் ஒரு மலை வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. இங்கே வந்து உட்காருகிற மலைகள் எல்லாம் மேற்கேயிருந்து வருகிறவை. டீச்சர் போகாத அலுவலகம் இல்லை. மலை நின்றால் தங்கள் பொறுப்பு, உட்கார்ந்தால் இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரோ, தையில் மகனுக்குக் கல்யாணம், அதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பேச டீச்சர் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தேக்குக் கதவு படுத்திருந்தது. புது வீட்டுக்கென்று முதலில் அதைத்தான் செய்தாராம். மேலே போர்வை போர்த்தி, தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"வேலைக்குச் சேந்ததுலேர்ந்து அடுத்தவங்க வீட்டுக் கதவத்தான் தெறந்து மூடிக்கிட்டு இருக்கேன் தம்பி. சாகறதுக்குள்ள என் கதவுக்கு நானே தாழ் போடணும்" என்றார்.

மலையைக் கட்டாயம் எழுப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆலோசனைத் தொழிலில் இப்படி வாக்குக் கொடுக்கக்கூடாது. ஆனால் கதவு அவ்வளவு பளபளப்பாக இருந்தது.

மறுநாள் மனைக்குப் போனேன். மலை கிழக்கே பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மேலே யாருடையவோ ஆடுகள் மேய்ந்தன. நான் மேற்குப் பக்கமாகப் போய்ப் பின்னால் நின்றேன். மலை அசையவில்லை. வெயில் ஏறி இறங்கும்வரை நின்றேன். துண்டு நனைந்தது, பாட்டில் காலியானது. மலை ஒருமுறை திரும்பிப் பார்த்துப் பிரியமாகத் தலையை அசைத்ததோடு சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. கோதண்டம் கேள்விப்பட்டால் சிரிப்பார் என்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வனரோஜா சாப்பாடு கொண்டுவந்தாள். மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுக்கு இன்னும் இலையே போடலீங்களே" என்றாள்.

என் தப்பு அப்போதுதான் புரிந்தது. மண்டபத்தில் நான் மோருக்குப் பிறகுதான் போவேன் என்பதால் அதற்கு முன்னால் நடப்பதை யோசித்ததே இல்லை. இலை போடாதபோது பின்னால் நிற்கிறவனைப் பெண் வீட்டுக்காரன் என்றுதான் நினைப்பார்கள். மலை என்னை உபசரிக்க வந்தவனாக எடுத்துக்கொண்டிருந்தது. பகல் முழுக்கப் பக்கத்தில் நின்று கவனிக்கிறானே என்று அதற்குச் சந்தோஷம் வேறு.

டீச்சரிடம் சொன்னோம். அவர் சமையல்காரர்களை ஏற்பாடு செய்தார். தோப்பில் இருந்த இலைகளையெல்லாம் ஈர்க்குச்சியால் தைத்து மலைக்கு முன்னால் விரித்தோம். நுனி இடது பக்கம் வரவேண்டும் என்பதில் டீச்சர் கண்டிப்பாக இருந்தார். உப்பில் ஆரம்பித்து வரிசையாகப் பரிமாறினார்கள். மலை தலை நிமிராமல் சாப்பிட்டது. சாம்பாரை இரண்டாம் முறை கேட்டது, அவரைக்காய்ப் பொரியலை ஓரமாக ஒதுக்கியது. பாயசம் முடிந்து மோர் ஊற்றியதும் நான் போய் நின்றேன். ஆடுகள் இறங்கும்வரை மலை காத்திருந்தது. பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து, ஒரு ஏப்பத்தோடு மேற்கே போய்விட்டது.

மனை காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். உட்காரவேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. ஒருவர் எழுந்தால் பின்னால் நின்றவர் உட்கார வேண்டும், பந்தியில் அதுதான் சட்டம். மண்டபத்தில் எனக்குப் பதிலாக உட்கார எப்போதும் வேறு ஆட்கள் இருந்தார்கள். இங்கே நான் மட்டும்தான். யாரோ எனக்கு முன்னால் இலை போட்டார்கள், சூடாகச் சாதம் விழுந்தது. இத்தனை வருஷமும் கடைசிப் பந்தியில் அடிவண்டல் சாம்பார் சாப்பிட்டவன் நான். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது.

பாயசம் வரும் நேரத்தில் முதுகுப் பக்கம் வெயில் குறைந்தது. திரும்பாமலே தெரிந்தது. எனக்குப் பின்னால் இன்னொரு மலை வந்து நின்றுகொண்டிருந்தது. கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்தால் அது உட்கார்ந்துவிடும். டீச்சருக்கும் இது உடனே புரிந்தது. என் இலைக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு, "எந்திரிக்காதீங்க தம்பி, கொத்தனாருக்குச் சொல்லி விட்டிருக்கேன்" என்றார்.

என்னைச் சுற்றி அஸ்திவாரம் தோண்டினார்கள். சுவர் எழும்பியது. வரைபடத்தில் நான் கூடத்துக்கு நடுவில் வந்தேன். டீச்சர் அங்கே ஊஞ்சல் போடுவதாக இருந்தாராம், பரவாயில்லை என்றார். வனரோஜா மூன்று வேளையும் சாப்பாடு எடுத்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவாள். நான் எழ முடியாது என்பதால் அவள் சுவரைத் தேடவில்லை. முதுகு நிமிர்ந்து, கை வீசிப் பேசுகிறவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தொழிலும் குறையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னதால் என் ஆலோசனைகள் பலிக்கத் தொடங்கின. ஆனால் கால் மரத்துப்போயிருந்தது. இப்படியே இந்தக் கூடத்தில் கிழவனாகிவிடுவேனோ என்று ராத்திரிகளில் கலங்கினேன்.

மார்கழிக் கடைசியில் கதவை மாட்டினார்கள். அன்று பின்பக்க ஜன்னல் வழியாக மலை தொண்டையைக் கனைத்தது. உட்காரத்தான் வந்ததாம், ஆனால் நின்று நின்று இப்போது நிற்பதே பழகிவிட்டதாம். தனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், இதை வைத்துத் தனியாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டது.

போட்டிக்கு ஆள் சேர்க்கிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் கேட்டு வந்தவருக்கு ஆலோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? தெரிந்ததையே தொழிலாக்கு, மோருக்கு முன்னால் நிற்காதே, ஒரு பை வாங்கிக்கொள் என்று சொன்னேன். மலை நன்றி சொல்லிவிட்டுக் கிழக்கே கிளம்பியது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது. நான் தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்தேன். டீச்சர் வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தி, தாழைப் போட்டார். போட்ட கையை எடுக்காமல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

மலைக்கு முதல் வேலை கடற்கரையிலேயே கிடைத்திருக்கிறது. அன்று பொழுது சாயும் முன் யாரோ கதவைத் தட்டினார்கள். டீச்சர் தாழை நீக்கித் திறந்தார். வாசலில் கடல் நின்றுகொண்டிருந்தது. சாப்பிட்ட வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி, கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டது. டீச்சர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, சிமெண்ட் இன்னும் காயவில்லை, அந்த ஓரமாகப் போய்க் கழுவுங்கள் என்றார்.