இரண்டு அன்னங்களும் ஒரு சீட்டும்

அகராதி அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனை செய்யக் கூடாது. யாராவது வாய்விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும்; சொன்னவர் யார் என்று அந்தச் சொல்லுக்கான சீட்டில் குறிக்கவும் வேண்டும். இருபது வருடமாகத் துணையாசிரியையின் காது அதற்காகவே விறைத்து நின்றது. தனக்கு ரசனை கொஞ்சம் தூக்கலாகவே வாய்த்திருப்பதாகவும் அவளுக்கு நினைப்பு.

வீட்டுக் கூரை ஒழுகியதால் ஒரு மாதமாக அவளுக்கும் கணவனுக்கும் நாத்தனார் வீட்டில் ஜாகை. நாத்தனார் தன் படுக்கையறையையே ஒழித்துக் கொடுத்திருந்தாள்.

அச்சுப்படியை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். கூடப் படிப்பவள் விடுப்பில் போய்விட்டதால், துணையாசிரியை அச்சுப்படியையும் சீட்டுகளையும் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். "கொடும்மா, நான் படிக்கிறேன்" என்று நாத்தனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அவள் ஆசையாக வாங்கி நிறுத்திய, தங்க நிறப் பிளாஸ்டிக் அன்னங்கள்.

"மட்டரகம். ரசனைக் குறைவு. எடுத்துக்காட்டு: கூடத்துல பிளாஸ்டிக் அன்னத்தை நிறுத்திவைக்கிறது எவ்வளவு மட்டரகம்!"

வந்த முதல் வாரம் எழுதிய சீட்டு. சுத்தமாக மறந்திருந்தாள்.

நாத்தனார் அன்னங்களைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "யாரும்மா சொன்னது?"

பஸ்ஸில் கேட்டதாகச் சொல்லிவிடலாம். அந்தப் பஸ்ஸில் எந்த இருக்கை என்பதுவரை மனசு தயார் செய்துவிட்டது. ஆனால் சீட்டில் இருந்தது அவளுடைய சொந்தப் பெயர்.

"நான்தான் அண்ணி. உங்க தம்பிகிட்ட."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள். "என் கட்டில்ல படுத்துக்கிட்டு, என் போர்வையையே போத்திக்கிட்டு, என் அன்னத்தைக் கிண்டல் பண்றே பாரு, அதுதான்டி மட்டரகம்!"

இத்தனை நாளில் 'டி' போட்டதே இல்லை. இனி இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது? மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை, பாழாய்ப்போன கை, வெற்றுச் சீட்டு ஒன்றை இழுத்து எழுதத் தொடங்கியிருந்தது. இருபது வருடத்தில் இவ்வளவு கச்சிதமான வாக்கியம் சிக்கியதே இல்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! திட்டினதையும் எழுதிக்கிறியா?"

"மன்னிச்சிடுங்க அண்ணி. பழக்கம்..."

நாத்தனாரின் உதடு கோணியது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை.

"போர்வையை விட்டுட்டே பாரு. சேத்துக்கோ."

அவள் சேர்த்தாள்.

"கீழே என் பேரு?"

எழுதினாள்.

"ம். இப்ப எந்திரிச்சு அந்த ரெண்டையும் துடை. கழுத்துப் பக்கம்தான் தூசி அதிகம்."