பாத்திரச் சத்தம்

'அமைதியாக' என்ற சொல்லின் மேல் அவருடைய சிவப்புப் பேனா நின்றது.

அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறவர் இரங்கல் அறிவிப்பின் படியை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்ட நாற்காலிகள் ஹாலை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்திய பழக்கத்தில், மனைவியின் மரணச் செய்தியிலும் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆய்வக உதவியாளர்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தார். அதற்கடுத்த வரி: 'நேற்றுக் காலை பதினோரு மணியளவில் தமது இல்லத்தில் அமைதியாகக் காலமானார்.'

அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் நீக்கல் குறி இட்டார்.

"ஏன் சார், எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?"

"வேண்டாம். எடுத்துடுங்க."

"லேப் அக்கா இருந்தவரைக்கும் அமைதியா இருந்ததில்லதான்" என்று சிரிக்க முயன்ற பக்கம் கட்டுகிறவர், பாதியில் நிறுத்திக்கொண்டு தாளை மடித்தார்.

அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருடம் பள்ளி ஆய்வகத்தில் குடுவைகளும் அமிலப் புட்டிகளும் எடுத்துக்கொடுத்தவள். ஒரு சோதனைக் குழாய் உடைந்தால் அவள் குரல் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். ஐந்தாவது நிமிடம், உடைத்த பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணாடி கீறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டிலும் அப்படியேதான். சண்டை போடுவாள், அழுவாள், சாப்பிட வாங்க என்பாள்.

அவரும் ஒரு காலத்தில் கத்தியவர்தான். மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது, எதற்கென்று இப்போது நினைவில்லை, சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். மகள் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். அதே வருடம்தான் தாவோ வழி பற்றி, பழைய சீன ஞானிகளின் எண்ணங்களை விளக்கும் ஒரு சிறு நூல் அச்சகத்துக்கு வந்தது. தொண்ணூற்றாறு பக்கம். மூன்று மெய்ப்புப் பார்த்தார். மூன்றாவது முறை படிக்கும்போது பிழை எதுவும் கண்ணில் படவில்லை. தன்னைப் பற்றியே எழுதியிருப்பதாகப் பட்டது. முட்டி மோதாதே. வளைந்து கொடு. கலங்கியதைக் கிளறாமல் விடு, தானே தெளியும்.

அன்றிலிருந்து அவர் குரல் உயரவில்லை. பேச்சு தடித்தால் எழுந்துவிடுவார். பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், செருப்பைத் துடைப்பார். மனுஷன் தங்கமா மாறிட்டாரே என்று சொந்தக்காரர்கள் வியந்தார்கள். மனைவிக்கும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் போனபின் ஒருநாள் சொன்னாள்: "உங்களோட மல்லுக்கட்டறதுக்குச் சுவரோட மல்லுக்கட்டலாம். சுவத்துல பந்தைப் போட்டாலாவது திரும்பி வரும்."

ஒரு விடுமுறையில் அவளும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, விரலை அடையாளமாக நடுவில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல தண்ணி மாதிரி இருன்னுதானே போட்டிருக்கு? தண்ணி பாறையைச் சுத்திப் போகுது, சரி. ஆனா தொட்டுக்கிட்டேதானே போகுது? நீங்க தொடவே மாட்டேங்கறீங்களே."

"பரவாயில்லையே, நல்லாப் படிச்சிருக்கியே" என்று சிரித்துவிட்டு அவர் பால்கனிக்குப் போனார்.

நான்கு வருடங்களுக்கு முன் மகள் இதே ஹாலில் வந்து நின்றாள். கணவனை விட்டு வந்துவிட முடிவு செய்திருந்தாள். "நான் பண்றது சரியா தப்பா, சொல்லுப்பா" என்றாள். அவருக்குள் என்னென்னவோ பொங்கியது. அவன்மேல் கோபம், இவள்மேல் கோபம், ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "அதது அதன் போக்குல போகட்டும்" என்றார். அன்று சாயங்காலம் கிளம்பிப் போனவள்தான். அதன்பிறகு அம்மாவுக்கு மட்டும் போன்.

நேற்றுக் காலை மனைவி அதைத்தான் எடுத்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பாப்பாவுக்கு மாற்றல் ஆயிடுச்சாம். அடுத்த வாரம் ரொம்ப தூரம் போறா. ஒரே ஒரு தடவை நீங்களாக் கூப்பிட்டுப் பேசுங்க."

"அவளுக்குத் தோணும்போது பேசட்டும்."

"நாலு வருஷமா இதையே சொல்லுங்க. எனக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேலை பார்த்து அலுத்துப்போச்சு." அவள் குழாயை மூடாமலே திரும்பினாள். "திட்டணும்னா என்னைத் திட்டுங்க. வாயைத் திறந்து ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் துவைத்த துணி வாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பின்னால் பாத்திரங்கள் மொத்தமாக உருண்டன. தெரிந்த சத்தம்தான். கோபம் வந்தால் அவள் பாத்திரத்தைப் போடுவாள். அரை மணி நேரம் விட்டால் தானே தெளிந்து, "டீ வேணுமா, வேண்டாமா?" என்று கதவைத் தட்டுவாள். அவர் ஒவ்வொரு துணியாக உதறிக் காயப்போட்டார். காய்ந்த இலைகளைக் கிள்ளினார். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று, கிள்ள வேண்டாத இலைகளையும் கிள்ளினார்.

கதவைத் திறந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் நாடி பிடித்த கையை விட்டுவிட்டு, "எப்ப விழுந்தாங்க?" என்று கேட்டார்.

"இப்பதான்" என்றார் அவர்.

மகள் இன்று மதியம்தான் வந்தாள். அவரைப் பார்க்காமல் நாற்காலிகளைத் தாண்டிப் போய், தரையில் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாடிவீட்டு டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கஷ்டமே படலம்மா. ஒரே நொடிதான். அப்பா பக்கத்துலயேதான் இருந்தாரு."

அவருக்கு அது கேட்டது. அவர் மறுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் குடிக்க மகள் சமையலறைக்கு வந்தாள். அவர் அங்கே நின்றிருந்தார். டம்ளரைக் கழுவியபடியே கேட்டாள்: "கடைசியா அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

அவருடைய கால் பால்கனிப் பக்கம் திரும்பியது. கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியே தெரிந்தது, நேற்றுக் காயப்போட்ட துணிகள் கொடியிலேயே கிடந்தன. அவளுடைய பச்சை மேல்சட்டையும் அதில் இருந்தது. அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"உனக்குப் போன் பண்ணச் சொன்னா."

"பண்ணினியா?"

"இல்ல." அவர் தரையைப் பார்த்தார். "நான் பக்கத்துல இல்லம்மா. வெளில போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். விழுந்த சத்தம் கேட்டுது. கோவத்துல பாத்திரத்தைப் போடறான்னு நெனச்சேன். அரை மணி நேரம் கழிச்சுதான் வந்து பார்த்தேன். டாக்டர்கிட்ட இப்பதான்னு பொய் சொன்னேன்."

டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

"அரை மணி நேரமா?"

"அரை மணிக்கு மேல இருக்கும்."

அவள் கத்தினாள். ஹாலில் பேச்சு நின்றது. யாரோ வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு விலகினார்கள். "அம்மா கூப்பிட்டிருந்தா? ஒரு தடவையாவது கூப்பிட்டிருந்தா உனக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திட்டுப் போனவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"எனக்குப் பத்து வயசுல தட்டைத் தூக்கி அடிச்சியே, அது பரவாயில்லப்பா. கொஞ்ச நேரத்துலயே மேசைக்கு அடில குனிஞ்சு வந்து, அப்பா மேல தப்புன்னு சொன்ன. எனக்கு அது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நீ எதுக்குமே குனியல. புத்தர் மாதிரி நின்னுக்கிட்டே இருந்த. அன்னைக்கு நான் கேட்டப்ப, நீ பண்றது தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட உன்னோட சண்டை போட்டுட்டு இங்கேயே இருந்திருப்பேன்."

அவர் கைகள் முழங்காலில் இருந்தன. எழுந்துவிடச் சொல்லி உடம்பு கெஞ்சியது. எழவில்லை.

"பயமா இருந்தது" என்றார்.

"எதுக்கு?"

"வாயைத் திறந்தா பழையபடி கத்திடுவேனோன்னு. ஒரு தடவை விட்டா நிறுத்த முடியாதோன்னு."

"அதை அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, கத்தாமல் சொன்னாள்: "சொல்லியிருக்கலாம்ப்பா. அம்மா உன்னைக் கிண்டல் பண்ணி ஓட்டியிருப்பாங்க. அவ்வளவுதான் நடந்திருக்கும்."

மூன்று மணிக்கு வண்டி வந்தது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள், இப்போது நரை கண்டவர்கள்கூட, படிக்கட்டுவரை நின்றிருந்தார்கள். அவளைப் படியில் இறக்கிக் கொண்டுபோகும்போது திருப்பத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. நாற்காலிகள் போயிருந்தன. ஹால் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

மகளைக் காணவில்லை. அறையில் பார்த்தார், இல்லை. போய்விட்டாளோ என்று கதவைத் திறந்தால், மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே திரும்பவில்லை. இரண்டு படி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரட்டுமா?"

அவள் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். 

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் மகள். "எதையும் விடாம. முதல்லேர்ந்து."

"பத்து, பத்தேகால் இருக்கும். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தா..."

கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காதோ என்று, அவர் குரலை உயர்த்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.